காப்பி பூக்கிற வாரம்

அக்காவுக்காக யாரும் எதையும் செய்துவிட முடியாது. செய்தால் கோபம் வரும். கத்துகிற கோபம் இல்லை. செய்து கொடுத்ததை ஓர் ஓரமாக வைத்துவிட்டு, அப்படி ஒன்று அங்கே இல்லாததுபோல வேலையைப் பார்ப்பார். கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போன முதல் வாரத்திலேயே எனக்கு இது தெரிந்துவிட்டது. அவருக்கு முதுகு வலி என்று கேள்விப்பட்டு, அவர் ஊறப்போட்டிருந்த துணிகளை நான் கசக்கிக் காயப்போட்டேன். சாயங்காலம் பார்த்தால் எல்லாத் துணியும் மறுபடியும் வாளிக்குள் கிடந்தது.

“நல்லா துவைக்கலையாக்கா?” என்று கேட்டேன்.

“நல்லாத்தான் துவைச்சிருக்க. ஆனா எனக்காகத் துவைச்சிருக்க. அது வேணாம்லா.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைப் பார்த்துவிட்டு, “சரி, ஒரு பக்கம் நீ பிடி, ஒரு பக்கம் நான் பிடிக்கறேன், பிழிவோம்” என்றார். அன்றிலிருந்து எங்களுக்குள் சண்டை வந்ததில்லை.

அவர் என் கணவரின் அண்ணன் மனைவி. அண்ணனை நான் மாமா என்று கூப்பிடுவேன். எங்கள் மாமனார் மலாக்கா மாநிலத்தில் அலோர் காஜாவுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அந்தத் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது சில ஏக்கர் வாங்கிப்போட்டார். சுற்றியிருந்தவர்கள் எல்லாம் எண்ணெய்க்குச் செம்பனை வைத்தார்கள். அவர் மட்டும் காப்பி வைத்தார். வீடு அந்தக் காப்பிக்கு நடுவில் இருந்தது. முன்பக்கம் சாலை. சாலையைத் தாண்டினால் கண் போகிற மட்டும் செம்பனை. பின்பக்கம் ஓர் ஓடை. ஓடையின் இரண்டு கரையிலும் மாமனார் கைவைக்காமல் விட்டுவைத்த பெலுக்கார், அதாவது புதர்க்காடு. மூங்கில், காட்டுக் கொடி, பேர் தெரியாத மரங்கள். அவற்றுக்கு நடுவில் மற்ற எல்லாவற்றையும் குனிந்து பார்ப்பதுபோல ஒரே ஒரு பெரிய மரம். அதன் கிளைகளில் மலைத்தேனீக்கள் கூடு கட்டும். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ கறுப்புத் துணியைக் காயப்போட்ட மாதிரி தொங்கும்.

நான் மலாக்கா டவுனில், தெங்கேராவில் வளர்ந்தவள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கடையில் என்ன விலை பேசுகிறார்கள் என்று கேட்கும். அங்கிருந்து இங்கே வந்தால், பஸ் கிடையாது, எனக்கு லைசென்ஸ் கிடையாது, காலையில் என் கணவர் தொழிற்சாலைக்குப் போனால் இரவுதான் வருவார். முன்வாசலில் நின்றால் ஒரே உயரத்தில் ஒரே பச்சையில் வரிசை வரிசையாகச் செம்பனை. எந்த வழியாக வந்தேன், எந்த வழியாகப் போக வேண்டும் என்றே புரியாது. அதனாலோ என்னவோ, அக்காவைப் போல நானும் பின்பக்கத்துச் சமையலறை ஜன்னலிலேயே நிற்கப் பழகிக்கொண்டேன்.

அந்த வீட்டு ஜன்னல் எல்லாவற்றிலும் கொசுவலையைவிட நெருக்கமான கம்பி வலை அடித்திருந்தது. கதவுக்கு உள்ளே இன்னொரு வலைக்கதவு. கொசுவுக்காக என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் காப்பி பூத்தது.

எங்கள் காப்பி லைபீரிக்கா. மலையில் வளர்கிற சின்னக் காப்பி இல்லை. விட்டால் கூரைக்கு மேலே போய்விடும். வெயிலில் காய்ந்து கிடந்து ஒரு நல்ல மழை பெய்தால், சில நாளில் கிளை முழுக்க வெள்ளையாக வெடிக்கும். மல்லிகை மாதிரி வாசம். ஒரு மரத்துப் பூ இரண்டு மூன்று நாளில் வாடி உதிர்ந்துவிடும். ஆனால் மரங்கள் முன்னே பின்னே பூப்பதால் ஒரு வாரம் வரைக்கும் தோட்டம் வெள்ளையாக இருக்கும். வருசத்தில் பல தடவை இப்படி நடக்கும். அந்த நாட்களில் பெரிய மரத்திலிருந்து தேனீ இறங்கி வரும். அந்த நாட்களில் அக்கா வீட்டைவிட்டு வெளியே வரமாட்டார்.

ஏன் என்று மாமாதான் சொன்னார். என் கல்யாணத்துக்கு முந்தி நடந்தது. அக்கா பழம் பறித்துக்கொண்டிருந்தபோது சட்டைக் கைக்குள் ஒரு தேனீ போய்க் கொட்டிவிட்டது. ஒன்றே ஒன்றுதான். அக்கா சிரித்துக்கொண்டே கொடுக்கைப் பிடுங்கிப் போட்டாராம். கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை அரித்தது. உதடு தடித்தது. பிறகு, “ஏங்க, எனக்குக் கண்ணு தெரியல” என்றார். மாமா அவரைத் தூக்கி லோரியில் போட்டுக்கொண்டு மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். வழியெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டார். பாதி வழிக்குமேல் பதில் வரவில்லை.

“அவளை எறக்கி உள்ள கொண்டு போய்ட்டாங்கம்மா. எனக்கு ஸ்டீயரிங்கை விட்டுக் கை வரல. வெரலை யாரோ ஒண்ணொண்ணாப் பிரிச்சுவிட்டாங்க” என்றார் மாமா. சொல்லும்போதே அவருடைய விரல்கள் மடங்கிக்கொண்டன.

அடுத்த முறை கொட்டினால் இதைவிட மோசமாகலாம் என்றார் டாக்டர். பேனா மாதிரி ஓர் ஊசி கொடுத்தார்கள். கொட்டியவுடன் அதைக் குத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். எப்படிக் குத்துவது என்று தாதி மாமாவுக்குத்தான் சொல்லிக்கொடுத்தாள். அக்கா அப்போது மூக்கில் ஆக்சிஜனோடு படுத்திருந்தார். அன்றைக்கு மாமாவின் சட்டைப் பைக்குள் போன ஊசி பிறகு வெளியே வரவே இல்லை. காலாவதி ஆனால் மாமாவே போய்ப் புதுசு வாங்கி வருவார். சட்டை மாற்றினால் ஊசியும் கூடவே மாறும். ஊசி இருக்கிற இடத்தில்தான் அக்கா இருக்கலாம் என்று ஆயிற்று. மாமா போகிற இடத்துக்கு மட்டும்தான் அக்கா போகலாம் என்றும் ஆயிற்று.

முதலில் ஜன்னலுக்கு வலை வந்தது. பிறகு அக்காவின் மோட்டார் சைக்கிளை மாமா விற்றுவிட்டார். பிறகு பூ இல்லாத நாளிலும், “எதுக்கும்மா ரிஸ்க்கு?” என்றார். காய்கறி வாங்கப் பாசாருக்கு அவரே போனார். கோயிலுக்குத் திருநீறு வாங்கிவர அவரே போனார். சொந்தக்காரர்கள் வந்தால், “இந்த மாதிரி புருசன் யாருக்குக் கிடைக்கும்?” என்று அக்காவிடம் சொல்வார்கள். அக்கா, “ஆமாலா” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட எழுந்து போவார்.

பூக்கிற வாரம் பொழுதுபோகட்டும் என்று மாமா ஒரு பெரிய டிவி வாங்கி வந்தார். அக்கா அதன்மேல் ஒரு பழைய சேலையை மடித்துப் போட்டுவிட்டார். “உங்களுக்குப் பாக்கணும்னா நீங்க பாருங்க. எனக்காகன்னு வாங்காதீங்க.” அந்தச் சேலையை எடுக்க மாமாவுக்கும் தைரியம் இல்லை. சாப்பாட்டு மேசை அளவுக்கு ஒரு டிவி, நான் அந்த வீட்டில் இருந்தவரைக்கும் சேலை போர்த்திக்கொண்டே இருந்தது.

எனக்கு மறக்காதது ஒரு கல்யாணம். அக்காவின் சித்தி மகள் கல்யாணம், மலாக்காவில் ஒரு மண்டபத்தில். அப்போது தோட்டத்தில் ஒரு பூகூட இல்லை. ஆனால் மண்டபத்துக்குப் பக்கத்தில் பூந்தோட்டம் இருக்கிறது என்று மாமாவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அக்காவைக் கேட்காமலே போன் எடுத்து, “அவளுக்கு முடியாதுங்க, மன்னிச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டார். கல்யாண நாள் சாயங்காலம் அக்கா குளித்து, பட்டுச்சேலை கட்டி, நகை போட்டு, பூ வைத்துக்கொண்டு வந்து ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“எங்க போற?” என்று மாமா பயந்துபோய்க் கேட்டார்.

“எங்கயும் போகல. கல்யாணத்துல இருக்கேன்.”

அங்கே எல்லாரும் சாப்பிட்டுக் கிளம்பியிருப்பார்கள் என்று தோன்றுகிறவரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு பாத்திரம் கழுவினார். மாமா அன்றைக்குச் சாப்பிடவில்லை. எனக்கு அக்காவைப் பார்க்கவே கொஞ்சம் பயமாக இருந்தது.

மாமா கெட்டவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கெட்டவராக இருந்திருந்தால் அக்கா எப்போதோ கதவைத் திறந்துகொண்டு போயிருப்பார். ஒரு நாள் மாமா கெலுலுட் கூடு ஒன்றை வாங்கி வந்து சமையலறைக்குப் பின்னால் வைத்தார். கெலுலுட் கொசு அளவுக்குச் சின்னத் தேனீ. அதற்குக் கொடுக்கே கிடையாது. “இது கொட்டாதும்மா. காப்பிக்கு இதுவே போதும்” என்றார். அக்கா இந்த முறை ஒதுக்கவில்லை. வலைக்கு இந்தப் பக்கம் ஸ்டூலைப் போட்டுப் பல நாள் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்காருவேன். தேனீக்கள் கூட்டின் வாயிலிருந்து கிளம்பிக் காப்பிக்குப் போயின. பூ முடிந்த பிறகு எல்லாம் ஓடைப் பக்கமே போயின, பிசினும் வேறு பூவும் தேடி.

“காப்பி பூக்காத நாள்லயும் இதுங்களுக்குப் பசிக்கும்ல” என்றார் அக்கா. “அந்தக் காடு இருக்கறதால இங்க இருக்கு. அது இல்லாட்டிப் பட்டினிதான், இல்லன்னா ஓடிப்போயிடும்.”

அவர் சொன்னது மாமாவுக்கும் தெரியும். பழம் பறிக்கிறபோது எங்கள் எல்லாருக்கும் கண்ணுக்குத் தெரிகிற விசயம்தான். இந்தக் காப்பிக்குத் தன் மகரந்தம் தனக்கு ஆகாது. வேறு மரத்துத் தூள் வந்து விழுந்தால்தான் காய் பிடிக்கும். காற்று கொஞ்சம் கொண்டுவரும், மிச்சத்தைத் தேனீயும் வண்டும்தான் கொண்டுவர வேண்டும். ஓடைப் பக்கத்து வரிசைகளில் கிளை வளைந்து பழம் கிடக்கும். சாலைப் பக்கம், செம்பனைக்கு எதிரில் உள்ள வரிசைகளில் அதே மழை, அதே உரம், பூவும் அதே அளவுதான். ஆனால் கணுவுக்குக் கணு பூவின் காம்பு காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும், காய் அங்கொன்றும் இங்கொன்றும்தான்.

அதனால்தான் மாமா அந்த முடிவுக்கு வந்தார். காடு போனால் தேனீ போகும். தேனீ போனால் காப்பி போகும். காப்பி போனால் செம்பனை வைத்துக்கொள்ளலாம், பொண்டாட்டி உயிரோடு இருப்பாள். இதை யாரிடமும் அவர் சொல்லவில்லை. அக்காவிடம் சொன்னால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். அதனால் அக்கா வெளியே வர முடியாத வாரமாகப் பார்த்துக் காட்டை வெட்ட ஆளைக் கூப்பிட்டார்.

அன்றைக்குக் காலையில் நாங்கள் இருவரும் சமையலறையில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். தோட்டம் முழுக்கப் பூ. திடீரென்று ஓடைப் பக்கமிருந்து மரம் அறுக்கிற செயின்சா சத்தம். அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனார். வெள்ளை மரங்களுக்கு அந்தப் பக்கம் ஒரு லோரி நின்றது. மாமாவின் நீலச் சட்டை தெரிந்தது. கரையோரத்தில் ஒரு மரம் மெதுவாகச் சாய்ந்தது.

அக்கா போன் போட்டார். மாமா எடுக்கவில்லை. மறுபடியும் போட்டார். ஜன்னலிலிருந்தே தெரிந்தது: மாமா போனை எடுத்துப் பார்த்தார், பையில் வைத்துக்கொண்டார்.

அக்கா அறைக்குள் போனார். அழப் போகிறார் என்று நினைத்தேன். மாமாவின் மழைச்சட்டையைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டிக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, காலுறையோடு வந்து நின்றார்.

நான் வலைக்கதவை மறித்து நின்றேன். “வேணாங்கா. மாமா உங்களைப் பாத்துக்கச் சொல்லிட்டுப் போயிருக்காரு.”

“பாத்துக்க. கூட வந்து பாத்துக்க” என்றார்.

வலைக்கதவைத் திறந்து இருவரும் தோட்டத்துக்குள் இறங்கி நடந்தோம். இரண்டு பக்கமும் பூ. எல்லாப் பூவிலும் தேனீ. தலைக்கு மேலே, முழங்கை உயரத்தில், முகத்துக்கு எதிரே. “ஓடாத. கைய வீசாத. அதுங்க வேலையா இருக்கு, நம்மளக் கண்டுக்காது” என்றார் அக்கா. நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியபோதும் கையை உயர்த்தித் துடைக்கவில்லை.

மாமா எங்களைப் பார்த்துவிட்டார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. செயின்சா வைத்திருந்த பையன் சத்தத்தை நிறுத்தினான்.

“பைத்தியமா உனக்கு? இத்தனை தேனீக்குள்ள ஊசிகூட இல்லாம...”

“ஊசி உங்க பையிலதானே இருக்கு. அதான் உங்ககிட்ட வந்தேன்.”

“எல்லாம் உனக்காகத்தானே...” என்று ஆரம்பித்த மாமா நிறுத்திக்கொண்டார்.

“சொல்லுங்க.”

“இது போயிட்டா நீ வெளிய நடமாடலாம்மா. பெரிய மரத்தைக்கூட இன்னைக்குத் தொடல, தேனீ போன பொறவுதான். காப்பி போனாப் போவுது. நான் உனக்குச் சோறு போடமாட்டேனா?”

“எங்க நடமாடறது? அந்தப் பக்கம் செம்பனை. இந்தப் பக்கமும் வெட்டிட்டா இங்கயும் செம்பனை. என்னை உள்ள வச்சுட்டு, வெளிய இருக்கறதையும் வெட்டிட்டா நான் எங்க வரது?”

“அன்னைக்கு நீ செத்திருப்ப. லோரியில உன்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு...” மாமா, வெட்டிப்போட்ட மரத்தின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா பேசியபோது கோபம் இல்லை.

“தெரியும். எனக்கு அன்னைக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. பயந்தது நீங்க. உங்க பயத்துக்குள்ளதான் நான் இத்தனை வருசமா குடியிருக்கேன்.” கையை நீட்டினார். “குடுங்க.”

மாமா கொடுத்தார். அக்கா ஊசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதுவரை அவர் அதைக் கையில் வாங்கியதே இல்லை.

“எப்படிக் குத்தறது?”

மாமா தன் தொடையிலேயே விரலை வைத்துக் காட்டினார். மூடியைக் கழற்ற வேண்டும். தொடையின் வெளிப்பக்கம் வைத்து அழுத்த வேண்டும். துணிக்கு மேலேயே குத்தலாம். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

“அவ்வளவுதானா?” என்று கேட்டார் அக்கா.

“அவ்வளவுதான்” என்றார் மாமா, தரையைப் பார்த்துக்கொண்டு.

செயின்சா பையன் நெளிந்தான். “அண்ணே, வெட்டவா, வேணாமா?”

மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா தலையாட்டினால் போதும். ஆனால் அக்கா, “என்னைப் பாக்காதீங்க. எனக்காக வெட்டவும் வேணாம், எனக்காக விடவும் வேணாம். உங்க அப்பா விட்ட காடு. நீங்க சொல்லுங்க” என்றார்.

மாமா எழுந்து திரும்பி ஓடையைப் பார்த்தார். பிறகு இந்தப் பக்கம் பூத்துக் கிடந்த வரிசைகளைப் பார்த்தார். “வேணாம் தம்பி, சாமானை ஏத்துங்க” என்றார் கடைசியில். விழுந்த மரங்கள் விழுந்தவைதான். கரையோரத்தில் அந்த இடம் சில வருசம் மொட்டையாகத் தெரிந்தது. மற்றது இன்றைக்கும் நிற்கிறது.

நாங்கள் தஞ்சோங் கிளிங்குக்கு வீடு மாறி வந்து நாளாகிவிட்டது. அக்கா அங்கேதான் இருக்கிறார், நன்றாக இருக்கிறார். அதற்குப் பிறகு அவரை எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறேன், கல்யாண வீடுகளிலும்கூட. ஆனால் அவரை நினைத்தால் எனக்கு வருவது அன்றைக்கு நாங்கள் வீடு திரும்பிய அந்த நேரம்தான்.

மாமா முன்னால் போனார், கிளைகளை விலக்கிவிட்டுக்கொண்டே. நடுவில் அக்கா, ஊசி இப்போது அவருடைய மழைச்சட்டைப் பையில். பின்னால் நான். பாதித் தோட்டம் தாண்டியதும் அக்கா நின்றுவிட்டார்.

“நீங்க போங்க. நான் வரேன்.”

“நானும் நிக்கறேன்” என்றார் மாமா.

“போங்க.”

மாமா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். “நீயும் போ” என்றார் அக்கா. நாங்கள் இருவரும் போனோம். வீட்டுக்குள் வந்ததும் பழக்கத்தில் நான் வலைக்கதவைச் சாத்தினேன். மாமா நேராகச் சமையலறை ஜன்னலுக்குப் போய்க் கம்பி வலையில் விரல்களைக் கோத்துக்கொண்டு நின்றார். நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். அங்கே அக்கா தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். ஒரு கிளையை மெல்ல வளைத்து முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

“ஏதாவது சாப்பிடறீங்களா மாமா?”

“அவ வரட்டும்மா.”

வெயில் ஏறியது. நாங்கள் ஜன்னலைவிட்டு நகரவில்லை. அக்கா கிளையை விட்டுவிட்டு, அடுத்த வரிசைக்குப் போனார்.